கதிர்ச்செடி குச்சி நட்ட வருடம்

ஜூன் 14, திங்கள்

என் பெயர் சிவனு. காத்தான் மகன் சிவனு. வயது அறுபத்தாறு. இந்த வரியை நானே எழுதினேன். எனக்காக யாரும் எழுதித் தரவில்லை.

அறிவொளி வகுப்பில் எங்களுக்கு எழுத்துக் கற்றுத்தரும் எஸ்தர் டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். தினமும் செய்ததை, பார்த்ததை எழுதச் சொன்னார். "பொய் மட்டும் எழுதாதீங்க தாத்தா. பேச்சு மாதிரி இல்ல, எழுதினா அது அங்கயே கெடக்கும்" என்றார்.

இன்று செய்தது. நான் தோட்டக்காரனாக இருக்கும் பங்களா வாசலில் உள்ள பழைய வேலியை வெட்டினேன். ஓரம் மஞ்சள், நடு பச்சை, பளபளவென்ற இலை. பங்களா அம்மா அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வார், என் வாயில் நுழையாது. சீமையில் இதன் சாதிக் கட்டையில் நூல் நூற்கும் கதிர் செய்வார்களாம். அதனால் நான் கதிர்ச்செடி என்பேன். பாதையின் இரண்டு பக்கமும் கதிர்ச்செடி வேலி வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். முந்நூறு குச்சி நட வேண்டும்.

இவ்வளவு எழுத மதியச் சாப்பாட்டு நேரம் முழுதும் போய்விட்டது. சோறு ஆறிவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 15, செவ்வாய்

மழை. நூற்றுப்பத்துக் குச்சி நட்டேன்.

ஜூன் 17, வியாழன்

குச்சி நான்கு விரல் நீளம் இருக்க வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் இலைமக்கும் கலந்த பாத்தியில் சாய்த்து நட வேண்டும். மேலே பெரணித் தழை போட்டு மூட வேண்டும். பிறகு மூன்று மாதம் தொடக் கூடாது. வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்தால் குச்சி செத்துப்போகும். நான் முதன்முதலில் தோட்ட வேலைக்கு வந்தபோது தினமும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு பாத்தி முழுவதையும் அப்படியே கொன்றேன். சிரிப்பு வருகிறது.

ஜூன் 19, சனி

மகள் தெய்வானை வந்திருக்கிறாள். ஒரே ஒரு பை. அவளைப் பக்கத்து எஸ்டேட்டான கீழ்ச்சோலையில் கட்டிக்கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. மருமகன் லோகநாதன் பிக்கப் ஜீப் ஓட்டுகிறான். பத்தாவது வரை படித்தவன்.

அவள் முகம் ஒரு பக்கம் பெரிதாக இருந்தது. கண் மூடிக் கிடந்தது. படியில் இடறி விழுந்தேன் என்றாள். நான் சரி என்றேன். அவள் அம்மா மாரியாயியும் உயிரோடு இருந்தவரை யாராவது கேட்டால் படியில் இடறி விழுந்தேன் என்றுதான் சொல்வாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் படி கிடையாது.

ஜூன் 23, புதன்

பழைய வேலியில் வெள்ளைச் செதில் பூச்சி. இலையின் அடியில் மாவு தெளித்தது போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து துணியால் துடைத்தேன். மீதியைக் கட்டைவிரலால் நசுக்கினேன். நசுங்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். காலையிலிருந்து மாலை வரை நசுக்கினேன். விரல் மஞ்சளாகிவிட்டது. நல்ல நாள்.

தெய்வானையும் கூட உட்கார்ந்து நசுக்கினாள். ஒரு கொப்பு முழுதும் முடித்தாள். பிறகு, "அப்பா, அவரு என்னய அடிக்கிறப்போ ஜீப்புல பாட்டு போட்டு விட்டுருவாரு. வெளிய கேக்கக் கூடாதுன்னு" என்றாள்.

"என்னா பாட்டு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்துவிட்டு இலையைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஜூலை 2, வெள்ளி

எஸ்தர் டீச்சர் தெய்வானையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வைத்தார். தெய்வானை ஐந்தாவது வரை படித்தவள். தானே எழுதினாளாம். அவளுக்கும் எழுத்து வரும், எனக்கும் எழுத்து வரும். ஒரு வீட்டில் இரண்டு பேர்.

ஜூலை 8, வியாழன்

லோகநாதன் பங்களாவுக்கே வந்துவிட்டான். ஜீப்பைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, குச்சிப் பாத்தி மேலேயே நடந்து வந்தான். பெரணித் தழை எல்லாம் சிதறியது. தெய்வானை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பூவாளியைப் பிடுங்கி அதனாலேயே அவளை அடித்தான். தலையில் ஒன்று. விழுந்தவளை முதுகில் இரண்டு. அப்புறம் முடியைப் பிடித்துப் பாத்தி நெடுக இழுத்தான்.

"ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுப்பியா? கை வந்துருச்சா ஒனக்கு? கை வந்துருச்சா?"

நான் வேலியோரம் நின்றிருந்தேன். கையில் வேலி வெட்டும் பெரிய கத்திரி இருந்தது. அது கனமான கத்திரி.

பங்களா அம்மா நாயை அவிழ்த்துவிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் அவன் போனான். போகிற வழியில், "வரேன் மாமா" என்றான். நானும் தலையை ஆட்டினேன்.

செத்த குச்சி எண்பத்து நான்கு.

ஜூலை 9, வெள்ளி

பாத்தியைச் சரிசெய்தேன். தெய்வானைக்குத் தலையில் ஐந்து தையல். அவள் தைலம் தடவிக்கொள்ளும்போது கேட்டாள்.

"அம்மாவ நீங்க அடிக்கிறப்போ நானு மூலையில உக்காந்து எண்ணுவேன். ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

மழை பெய்கிறது, உள்ளே போ என்று சொன்னேன்.

ஜூலை 18, ஞாயிறு

இன்று என் வாழ்நாளில் பெரிய நாள்.

தோட்டத்து விஷயம் தோட்டத்துக்குள்ளேயே முடியவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இலங்கை மலையிலிருந்து கப்பலேறி வரும்போது அதையும் கூடவே கொண்டுவந்தோம். தொழிற்சங்கத் தலைவர் பெரியநாயகம் இரண்டு எஸ்டேட் ஆட்களையும் கூட்டினார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் சுமார் அறுபது பேர். பெண்கள் ஒருபக்கம். தெய்வானை தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

லோகநாதன் எல்லார் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். "குடியில செஞ்சிட்டேன் மாமா, இனிமே கை நீட்ட மாட்டேன்" என்றான். தலைவர் ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். கடைசியில் மை டப்பாவைத் திறந்தார்.

"சிவனண்ணே, பெருவெரல நீட்டுங்க."

"மை வேணாம் தலைவரே. பேனா குடுங்க."

கொட்டகையே சிரித்தது. "அடேங்கப்பா, சிவனண்ணன் கலெக்டராயிட்டாருய்யா!" என்று ஒருவன் கத்தினான். "எழுதுங்க மாமா" என்று லோகநாதன் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து கொடுத்தான். நல்ல பேனா. வழுக்கிக்கொண்டு போயிற்று.

சிவனு என்று சின்னதாகப் போட மனம் வரவில்லை. காத்தான் மகன் சிவனு என்று முழுதாக எழுதினேன். தலைவர் வாசிக்கத் தொடங்கியதிலிருந்தே மனதுக்குள் அதை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்திலும் தப்பு வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, மைத்தாள் வைத்து எடுத்த நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

அறுபத்தாறு வருடம் என் பெருவிரல்தான் என் பெயராக இருந்தது.

ஜூலை 19, திங்கள்

தெய்வானை காலையில் அவனோடு ஜீப்பில் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. எஸ்தர் டீச்சர் ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வந்ததும் நான் கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 28, புதன்

பழைய வேலியில் பச்சைக் கொப்பு கிளம்பியிருக்கிறது. கதிர்ச்செடியில் இது ஒரு தொல்லை. மஞ்சள் ஓரம் உள்ள செடியில் திடீரென்று முழுப் பச்சை இலையோடு ஒரு கொப்பு வரும். மஞ்சள் அழகு, ஆனால் பலம் இல்லை. பச்சைக்குத்தான் பலம். விட்டுவைத்தால் இரண்டு வருடத்தில் மஞ்சளை எல்லாம் அமுக்கிவிடும். நுனியை வெட்டினால் போதாது, இரண்டாகக் கிளைக்கும். அடியைப் பிடித்து, பட்டையோடு கிழித்து எடுக்க வேண்டும். பதினாறு கொப்பு கிழித்தேன்.

மாரியாயியின் கை ஒரு தடவை ஒடிந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடி பட்டது. கத்தி என் கையில் இருந்தது. எதனால் என்று நினைவில்லை. குழம்பில் உப்பு என்று நினைக்கிறேன். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, சனி

வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. படிப்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. தேயிலைப் பெட்டி, சோப்பு உறை, பஸ் பலகை எல்லாம் படித்து முடித்தாகிவிட்டது. ஒப்பந்த நகலை எடுத்தேன். தலைவர் கூட்டெழுத்தாக எழுதியிருக்கிறார். இன்றைக்கு இரண்டு வரி. "மேற்படி" என்று அடிக்கடி வருகிறது. ஒரு சொல் பழகிவிட்டால் அதுவே வந்து வந்து நிற்பது சுகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

நான்கு வரி. என் மகள் பெயர் மூன்று இடத்தில் வருகிறது.

ஆகஸ்ட் 9, திங்கள்

முழுவதும் படித்துவிட்டேன். இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"மேற்படி தெய்வானை புத்தி சரியில்லாத நிலையில் தன் கணவன் மேல் பொய்ப் புகார் கொடுத்துவிட்டாள் என்றும், அவள் உடம்பில் உள்ள காயங்கள் என் வீட்டில் இருந்தபோது என்னால் ஏற்பட்டவை என்றும், இனிமேல் அவளை என் வீட்டில் தங்கவிட மாட்டேன் என்றும் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்."

கீழே காத்தான் மகன் சிவனு. தப்பில்லாமல்.

தலைவர் இதைச் சத்தமாகத்தான் வாசித்தார். அறுபது பேர் கேட்டார்கள். அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். நான் மட்டும் கேட்கவில்லை. என் பெயரை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 14, சனி

டீச்சர் நேற்று ஊரிலிருந்து வந்தார். தாளைக் காட்டினேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "இப்பவே கெளம்புங்க" என்றார். பஸ் போய்விட்டதால் இன்று காலை போனோம்.

கீழ்ச்சோலையில் அவன் வீடு வெளியே பூட்டியிருந்தது. ஜீப் இல்லை. உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுபோயிருந்தேன். அதன் முதுகால் பூட்டை அடித்தேன். பூட்டு உடையவில்லை. கதவின் நாதாங்கியைப் பெயர்த்தேன்.

தெய்வானை தரையில் கிடந்தாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தான், ஆட்டு மயிர் கத்தரித்தது போல, தோலோடு சில இடத்தில். இடது காதிலிருந்து ரத்தம் வந்து காய்ந்திருந்தது. வலது உள்ளங்கை வெந்து கிடந்தது. புகார் எழுதிய கை. அடுப்புத் தட்டில் வைத்து அழுத்தினானாம். மூச்சை இழுக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்ததும், "எங்க கையெழுத்துப் போடணும்ப்பா?" என்று கேட்டாள்.

டீச்சர் அழுதார். நான் என் மகளைத் தூக்கினேன். சின்ன வயதிலும் நான் அவளைத் தூக்கியதாக நினைவில்லை. கனமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஓடிவந்து போர்வை கொடுத்தாள்.

மூன்று விலா எலும்பு முறிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 16, திங்கள்

ஸ்டேஷனில் போய், அந்தத் தாளில் உள்ளது பொய், படிக்காமல் போட்ட கையெழுத்து என்றேன். "எழுதத் தெரிஞ்ச ஆளுக்குப் படிக்கத் தெரியாதா பெரியவரே?" என்று அங்கே இருந்தவர் சிரித்தார். டீச்சர் அவரோடு சண்டை போட்டார். கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். ஆளைத் தேடுகிறோம் என்றார்கள். ஜீப் சந்தையில் நிற்பதை வரும்போது பார்த்தோம்.

ஆகஸ்ட் 30, திங்கள்

தெய்வானை போய்விட்டாள். டீச்சருக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வேலை, தங்க இடம். காலை பஸ். தலையில் துணி கட்டியிருந்தாள்.

"என்னயத் தேடி வராதீங்கப்பா."

"வரல."

"கடுதாசி போட மாட்டேன்."

"சரிம்மா."

"குச்சியெல்லாம் வேர் விட்டுச்சா?"

"இன்னும் பாக்கல" என்றேன். அவள் கொஞ்சம் சிரித்தது போல இருந்தது. பஸ் எடுத்துவிட்டது.

எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. இந்த நோட்டை நான் மட்டும் படிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரிந்த எவனும் படிப்பான். இது இன்றுதான் எனக்கு உறைத்தது.

செப்டம்பர் 4, சனி

ஒரு குச்சியை மட்டும் மெதுவாகத் தோண்டிப் பார்த்தேன். வெள்ளை வேர், நூல் நூலாக, ஏழெட்டு. நாளையிலிருந்து மண் பைகளுக்கு மாற்றலாம்.

செப்டம்பர் 29, புதன்

இது இடது கை. எழுத்து குழந்தை எழுத்தாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத ஆறு நாள் ஆயிற்று.

ஐந்தாம் தேதி ஞாயிறு. பங்களா அம்மா நாயையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தார். நான் கல் மேடையில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். லோகநாதன் வந்தான். குடித்திருக்கவில்லை.

"எங்க மாமா அவ?"

"தெரியாதுப்பா."

"எழுதி வச்சிருப்பீங்களே. கலெக்டராச்சே."

நோட்டு சாமான் கொட்டகையில் இருந்தது. எடுத்து, நின்றுகொண்டே முதல் பக்கத்திலிருந்து படித்தான். நான் மூன்று மாதம் எழுதியதைக் கால் மணி நேரத்தில் படித்துவிட்டான். பொறாமையாக இருந்தது. செதில் பூச்சியைப் படித்துச் சிரித்தான். மாரியாயி பக்கம் வந்ததும் சத்தமாகப் படித்தான்.

"'கத்தி என் கையில் இருந்தது.' அடேயப்பா! 'பிடி பட்டது!' ஏன் மாமா, நான்தான் அடிச்சேன்னு எழுதுனா பேனா ஒடைஞ்சிருமா? ஒங்க பொண்டாட்டிய நீங்க ஒடைச்சா நோட்டுல ஒரு வரி. எம் பொண்டாட்டியத் தொட்டா எனக்கு போலீசா?"

அவன் சொன்னது சரி.

கடைசிப் பக்கம் வந்தான். 'எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை' என்ற வரி. அதை இரண்டு தடவை படித்தான். பிறகு நோட்டை மண்ணில் போட்டான். என் வலது கையை மேடைக் கல்லில் வைத்து, மணிக்கட்டின் மேல் முழங்காலை ஊன்றினான். பக்கத்தில் கிடந்த களைக்கொத்தைத் திருப்பிப் பிடித்தான்.

"எந்த ஊரு?"

"தெரியாது."

அடித்தான். சுண்டுவிரலும் அடுத்த விரலும்.

"எந்த ஊரு?"

"தெரியும்."

அடித்தான். புறங்கை. உள்ளே ஏதோ சரளைக்கல் போல நகர்ந்தது.

"தெரியும்ல, சொல்லுய்யா!"

"தெரியும்டா. சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு எத்தனை அடி என்று எண்ணவில்லை. நான் கத்தினேன். ஆனால் கத்தும்போது ஊர் பெயர் வாயில் வரவே இல்லை. அதை நினைத்து எனக்கு அப்போதே ஒரு சந்தோஷம். பைத்தியக்காரச் சந்தோஷம்தான். அவனுக்கு அது என் முகத்தில் தெரிந்துவிட்டது போல. களைக்கொத்தால் என் வாயிலும் ஒன்று வைத்தான். மூன்று பல். கொழுந்து எடுக்கும் பெண்கள் சத்தம் கேட்டு ஏறி வந்து, ஏழெட்டுப் பேர் கூடைக் கயிற்றால் அவனைக் கட்டிப்போட்டார்கள். அவனையும் கொஞ்சம் அடித்தார்கள். போர்வை கொடுத்தவளின் தங்கை நன்றாக அடித்தாளாம்.

இந்தத் தடவை ஸ்டேஷனில் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு விரல் இனி மடங்காது என்றார் டாக்டர்.

மாரியாயியின் கையை நான் ஒடித்தேன். கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அடித்து ஒடித்தேன். குழம்பில் உப்பு இல்லை என்பதற்காக. அவள் இரண்டு மாதம் ஒற்றைக் கையால் கொழுந்து பறித்தாள். கட்டு பிரித்த பிறகும் அடித்தேன்.

அக்டோபர் 11, திங்கள்

நூற்றுத் தொண்ணூறு செடி பிழைத்திருக்கிறது. பங்களா அம்மா வேறு ஆள் வைத்து நடுகிறார். நான் முக்காலியில் உட்கார்ந்து, ஆழம் போதாது, ஆழம் போதாது என்று கத்துகிறேன். அந்த ஆளுக்கு என்மேல் கோபம்.

அக்டோபர் 17, ஞாயிறு

லோகநாதன் ஜாமீனில் வந்துவிட்டானாம். டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் சொன்னார்கள். தபால்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தானாம்.

அக்டோபர் 18, திங்கள்

எனக்கு ஒரு கார்டு வந்தது. காத்தான் மகன் சிவனு, மேல்பாறை எஸ்டேட். என் பெயருக்கு இதுவரை எந்தத் தபாலும் வந்ததில்லை. தபால்காரர் வந்த நேரத்தில் நான் கேட்டிலேயே நின்றிருந்தேன். கையில் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

"அப்பாவுக்கு. உங்கள் கையைப் பற்றி டீச்சர் எழுதினார். எலும்பு கூடிவிட்டதா? எனக்கு மூச்சு விட வலி இல்லை. முடி இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. அறையில் நாங்கள் நான்கு பேர். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. கடுதாசி போட மாட்டேன் என்று சொன்னேன். போட்டுவிட்டேன். தெய்வானை."

எழுத்து கொஞ்சம் கோணல். வெந்த கை அல்லவா.

தபால் முத்திரையில் ஊர் பெயர் தெளிவாக இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. எங்கே ஒளிப்பது என்று வீடு முழுதும் பார்த்தேன். அரிசிப் பானை, கூரை இடுக்கு, சாமி படத்துக்குப் பின்னால். எல்லாமே எவன் வந்தாலும் முதலில் தேடுகிற இடம்.

ஐந்து தடவை படித்தேன். ஐந்தாவது தடவை எங்கும் நிற்காமல் படித்தேன். பிறகு அடுப்பில் வைத்தேன். கெட்டி அட்டை. சீக்கிரம் பற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊதினேன்.